வாக்குரிமைப் பாடத்தில் டிஜிட்டல் கதைசொல்லல்: படுவான்கரை வகுப்பறை அனுபவம்

குடியியற் கல்விக்கு டிஜிட்டல் கதைசொல்லல் சரிவருமா என்று மட்டக்களப்பு ஆசிரியர்கள் சிலர் கேட்டார்கள். சில வருடங்களாக, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் தரம் 10, 11 பிள்ளைகளோடு இதைச் செய்து வருகிறேன். தாராளமாகச் செய்யலாம். ஆனால் நேரத்தையெல்லாம் செயலி தின்றுவிட விடக்கூடாது. பிள்ளை எழுதும் ஒரு பக்கமும் அதை வாசிக்கும் குரலும்தான் முக்கியம்.

1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி போன்றோர் வளர்த்தெடுத்த முறை இது. இரண்டு மூன்று நிமிடக் கதை, சொல்பவரின் சொந்தக் குரல், கொஞ்சப் படங்கள், அவ்வளவுதான்.

1931இல் பிரித்தானியர் கொண்டுவந்த டொனமூர் அரசியல் சீர்திருத்தத்தோடு இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது என்பதை எல்லாப் பிள்ளைகளும் பாடமாக்கி வைத்திருப்பார்கள். பெண்கள் வாக்களிக்க 30 வயது என்று டொனமூர் ஆணைக்குழு பரிந்துரைத்ததும், பிறகு அது ஆண்களைப் போலவே 21 ஆனதும், 1959இல் 18 ஆகக் குறைந்ததும் பரீட்சையோடு மறந்துபோகும். "வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் முதல் வாக்கைப் பற்றிக் கேட்டு வாருங்கள்" என்று அனுப்பினால் நிலைமை வேறு.

ஒரு மாணவியின் தாத்தா பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, 1977 கலவரத்துக்குப் பின் இங்கே வந்து குடியேறியவர். பேத்தியின் பதிவில் அவர் சொல்கிறார்: "எங்கப்பா 47ல ஓட்டுப் போட்டாரும்மா. எனக்கு வயசு வந்தப்ப லிஸ்ட்ல பேரே இல்ல." அதைக் கேட்டதும் வகுப்பில் ஒருவன் எழும்பினான். "குடுத்த உரிமைய எப்பிடி சேர் திருப்பி எடுக்கலாம்?" அன்றைக்கு, மலையகத் தமிழரில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தையும், 1949இல் அதன் தொடர்ச்சியாக வந்து அவர்களின் வாக்கையும் எடுத்த தேர்தல் சட்டத் திருத்தத்தையும் பிள்ளைகளே தேடிப் படித்தார்கள். அவர்களின் குடியுரிமை பற்றி இந்தியாவோடு செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், மீதிப்பேருக்குக் குடியுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை போனார்கள். விரிவுரையால் இந்த வேகத்தை நான் ஒருநாளும் உண்டாக்கியதில்லை.

வேறொருவன் 2024 ஜனாதிபதித் தேர்தலை எடுத்தான். யாரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாததால் இரண்டாம் விருப்பு வாக்கு முதல்முறையாக எண்ணப்பட்ட தேர்தல் அது. 3 இலட்சம் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. மாதிரி வாக்குச்சீட்டைக் கையால் வரைந்து, 1, 2, 3 போடுவதைத் தன் தாய்க்கு விளங்கப்படுத்துவதே கதை. அவனுடைய தாய் அதை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

இனித் தொழில்நுட்பம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய எழுத்தைத் தொகுப்புச் செயலியில் ஒட்டினால் குழம்பிய ஆங்கில எழுத்துகள்தான் வரும். முதலிலிருந்தே யுனிகோட்டில் தட்டச் சொல்லுங்கள். ஒலியைத் தொகுக்க ஒடாசிட்டி என்ற கணினி மென்பொருள் போதும்: இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். மின்விசிறி இரைச்சலையும் நன்றாகக் குறைக்கும். வீட்டில் போனில் பதிவு, பாடசாலைக் கணினிக் கூடத்தில் தொகுப்பு என்று பிரித்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமவாய்ப்பு. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாது.

இதையெல்லாம் விடக் கவனம் தேவைப்படுவது வீட்டாரின் பாதுகாப்பு. யாருக்கு வாக்களித்தீர்கள் என்று எந்தப் பிள்ளையும் கேட்கக்கூடாது. அதில் விதிவிலக்கே கிடையாது. கட்சிச் சின்னம் படத்தில் விழுந்தால் வெட்டிவிடுவோம். தேர்தல் பிரசாரக் காலத்தில் எதையும் வெளியே பகிர்வதில்லை. கதை முடிந்ததும் அதை முதலில் போட்டுக் காட்டுவது அதில் பேசிய பெரியவருக்குத்தான். குரல் சரி, முகம் வேண்டாம் என்று ஒரு அம்மம்மா சொன்னார். பனையோலை பின்னும் அவர் கைகளை மட்டும் பேரன் படமெடுத்தான். எங்கள் தொகுப்பிலேயே எனக்குப் பிடித்த கதை அது.

குறை என்றால் நேரம். கிழமையில் கிடைக்கும் சில பாடவேளைகளுக்குள் ஒரு கதையை முடிக்க ஒரு தவணையே போய்விடுகிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு நேரடிப் புள்ளியும் இல்லை. அதனால் தரம் 11இன் கடைசித் தவணையில் இதைத் தொடாதீர்கள்.

இப்போது பிள்ளைகள் கேட்பது மாகாண சபையைப் பற்றி. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது, அதன்பிறகு தேர்தல் நடக்கவில்லை. 18 வயதாகியும் அந்த வாக்கைப் போடாத அண்ணன், அக்கா பல வீடுகளில் இருக்கிறார்கள். அடுத்த கதைகளுக்கு அவர்களிடமும், 2008, 2012 மாகாண சபைத் தேர்தல்கள் இரண்டிலும் வாக்களித்த பெற்றோரிடமும் பிள்ளைகள் போகிறார்கள். கேள்விகளை இந்தக் கிழமை எழுதத் தொடங்கிவிட்டோம்.