சீடர்களோட மறுபேர் பத்தின ஆடியோ வகுப்பு: முழுசா கேட்டுட்டு எழுதறேன்

மொத்தம் ஆறு பாடம், ரெண்டு வாரமா நைட் தூங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா கேட்டு முடிச்சேன். சின்ன வயசுல இருந்தே பேதுரு, பர்னபான்னு வாய் நிறைய சொல்லிட்டு வரேன், ஆனா அந்தப் பேருக்கு என்ன அர்த்தம், ஏன் வச்சாங்கன்னு யாரும் உக்கார வச்சு சொல்லிக் குடுத்ததில்ல.

பேதுரு பாடத்துக்காகவே இதை வாங்கலாம். யோவான் 1:42ல இயேசு சீமோனை முதல் தடவை பாத்ததுமே "கேபா என்னப்படுவாய்"ன்னு சொல்லிடறாரு, கேபான்னா இயேசு பேசின அரமேய மொழியில பாறை, அதையே கிரேக்கத்துல மாத்தினப்போ பெத்ரோஸ் ஆச்சு, நம்ம வாயில பேதுரு. "நீ பேதுருவாய் இருக்கிறாய், இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்"ன்னு தமிழ்ல எத்தனை வாட்டி படிச்சாலும் பேருக்கும் கல்லுக்கும் இருக்கிற சம்பந்தம் காதுல விழாது, அரமேயத்துல சொன்னா ரெண்டுக்கும் ஒரே சொல்லு. ஆசிரியர் அந்த வரிய அரமேயத்துல மெதுவா சொல்லிக் காட்டினாரு, நான் திரும்பத் திரும்ப ஓட விட்டு கேட்டேன்.

அதைவிட மனசைப் பிடிச்சது கெத்செமனே பகுதி, அதாவது இயேசு பிடிபடறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணின தோட்டம். மாற்கு 3:16ல பேர் வச்சதுக்கப்புறம் அந்த சுவிசேஷம் பூரா பேதுரு பேதுருன்னுதான் வரும், ஆனா தோட்டத்துல அவர் தூங்கிட்டிருக்கும்போது ஆண்டவர் கூப்பிடறது "சீமோனே, நித்திரைபண்ணுகிறாயா?". பழைய பேரு! இத்தனை வருஷமா படிச்ச வசனம், இது என் கண்ணுல பட்டதே இல்ல. இயேசுவைத் தெரியாதுன்னு பேதுரு மறுதலிச்சதுக்கு அப்புறம் யோவான் 21லயும் மூணு தடவையும் யோனாவின் குமாரனாகிய சீமோனேன்னுதான் கேக்கறாரு.

பர்னபா பாடமும் அருமை. யோசேங்கிற சீப்புரு தீவு லேவியருக்கு அப்போஸ்தலர்கள் வச்ச மறுபேர் அது, ஆறுதலின் மகன்னு அப்போஸ்தலர் 4:36லயே அர்த்தமும் இருக்கு. முன்னாடி சபையைத் துன்பப்படுத்தின சவுலை, அதாவது பவுலை, பாத்து எல்லாரும் பயந்து ஒதுங்கினப்போ கையப் பிடிச்சு அப்போஸ்தலர்கள்கிட்ட கூட்டிட்டுப் போனது அவர்தான், பின்னாடி பவுல் வேண்டாம்னு சொன்ன மாற்கையும் அவர் விடல. பேருக்கு ஏத்த மனுஷன்.

யாக்கோபுக்கும் யோவானுக்கும் இயேசு வச்ச மறுபேர் பொவனெர்கேஸ், அதாவது இடிமுழக்க மக்கள், அத அவசர அவசரமா முடிச்சுட்டாங்க. சமாரியர் கிராமத்து மேல வானத்துல இருந்து அக்கினி இறங்கட்டுமான்னு அவங்க ரெண்டு பேரும் கேட்ட சம்பவத்தைத் தொடவே இல்ல, எனக்கு அது பெரிய குறை.

இன்னொன்னு கண்டிப்பா சொல்லணும். பவுல் பாடத்துல தமஸ்கு வழியில சவுலோட பேர் மாறிச்சுன்னு சொல்றாங்க, அது தப்பு. அதுக்கு ரொம்ப நாள் கழிச்சு அப்போஸ்தலர் 13:2ல கூட ஆவியானவர் "பர்னபாவையும் சவுலையும்"ன்னுதான் சொல்றாரு, 13:9ல "பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்"ன்னு வருது, அவர் ரோமக் குடிமகன், ஒரு எபிரெயப் பேரும் ஒரு லத்தீன் பேரும் வச்சிருந்தாரு, அவ்வளவுதான். யாரும் அவருக்குப் புதுப்பேர் வைக்கல. இவ்வளவு நல்லா பேதுருவைச் சொன்னவங்க இங்க வசனத்தைத் திறந்து பாத்திருக்கலாம்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன். கேக்கறவங்க பைபிளைப் பக்கத்துல திறந்து வச்சுக்கிட்டு கேளுங்க, பவுல் பாடத்துக்கு அப்போஸ்தலர் 13ம் அதிகாரத்தை முதல்ல படிச்சுடுங்க.