ரத்தக் குழாய் வளர வைக்க எது தேறும்: ஜெல்லா, செல்லா, பிரிண்டரா?

லேப்ல வளர்த்த திசு உடம்புக்குள்ள போய் சாகுறதுக்கு பெரும்பாலும் ஒரே காரணம்தான், மூச்சு முட்டல். ஆக்சிஜன் தானா ஊறிப் போற தூரம் 100லருந்து 200 மைக்ரான், கிட்டத்தட்ட ரெண்டு தலைமுடி தடிமன், அதைத் தாண்டி ஒரு செல் உக்காந்திருந்தா பக்கத்துல குழாய் இருந்தே ஆகணும். உடம்பு தன்னோட குழாயை உள்ள அனுப்பும்தான், ஆனா அது நீளுற வேகம் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரைக் கூட தொடாது. 5 மில்லிமீட்டர் தடிமன் திசுவோட நடுவுக்கு குழாய் வந்து சேர்றதுக்குள்ள அங்க காத்துக்கிட்டு இருந்த செல் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். மெல்லிசான தோல் முதல்லயே தேறினதும், இதயத் தசையும் கல்லீரலும் இன்னும் இழுத்துக்கிட்டே இருக்கிறதும் இதனாலதான்.

இதுக்கு மூணு கட்சி இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் வெறித்தனமான ரசிகர்கள் வேற.

முதல் கட்சி பயோமெட்டீரியல். செல்லே வேண்டாம், ஜெல்லுக்குள்ள விஇஜிஎஃப்னு குழாயை முளைக்க வைக்கிற புரதத்தை (லேப்ல எல்லாரும் வெஜ்எஃப்னுதான் சொல்லுவோம்) வச்சு அனுப்பு, உடம்போட குழாய் வாசனை பிடிச்சு வந்துரும்னு கணக்கு. பாட்டில்ல வச்சு எடுத்து வைக்கலாம், நோயாளிகிட்ட எதையும் எடுக்கத் தேவையில்ல, அதனால பாக்க ரொம்ப சுளுவா தெரியும். ஆனா சும்மா ஊசியில போட்டா வெஜ்எஃப் ரத்தத்துல நிமிஷக் கணக்குலதான் நிக்கும், 2003ல வந்த விவா சோதனையில இதய நோயாளிகளுக்கு அப்படி குடுத்துப் பாத்தாங்க, 60 நாள்ல டம்மி மருந்தை அது ஜெயிக்கல. சரி, ஜெல்லுல பூட்டி வைப்போம்னா வேற தலைவலி. 2004ல எலித் தசையில செஞ்ச ஒரு வேலை இருக்கு, மொத்த டோஸ் எவ்வளவுங்கிறது முக்கியமில்ல, ஒவ்வொரு செல்லையும் சுத்தி அந்த இடத்துல எவ்வளவு அடர்த்திங்கிறதுதான் முக்கியம்னு காட்டினாங்க, ஒரு அளவைத் தாண்டினா வர்றது குழாய் இல்ல, ஊதிப் போன ஒழுகுற பை. அதாவது சராசரி கரெக்டா இருந்தாலும் ஜெல்லுல ஒரு மூலையில மட்டும் கொட்டிக் கிடந்தா காரியம் கெட்டுச்சு. இதுக்கு எனக்குப் பிடிச்ச பதில் 2001லயே மூனிங்கிற ஆராய்ச்சியாளரோட குரூப் குடுத்தது, ஒரே ஸ்காஃபோல்டுலருந்து (திசு வளர்றதுக்கான சாரம்) வெஜ்எஃப் சீக்கிரமாவும் பிடிஜிஎஃப்ங்கிற இன்னொரு வளர்ச்சிப் புரதம் மெதுவாவும் கசியுற மாதிரி பண்ணாங்க, முதலாவது முளைக்க வைக்கும், ரெண்டாவது பெரிசைட்ங்கிற துணை செல்லைக் கூப்பிட்டு குழாய்க்கு வெளிய கவசம் மாதிரி கட்டிவிடும். ஜெல்லுல ஹெபரின் (வெஜ்எஃப் போய் ஒட்டிக்கிற சர்க்கரைச் சங்கிலி) ஒட்டி வெஜ்எஃப்பைப் பிடிச்சு வைக்கிறதும் நல்ல வழிதான். கோபால்ட், காப்பர் அயனிய கலந்து செல்லை ஆக்சிஜன் இல்லாத மாதிரி ஏமாத்தி, அதுவே குழாயைக் கூப்பிட வைக்கிற ஆளுங்களும் உண்டு, விலை கம்மி, ஆனா நச்சு எல்லை பக்கத்துலயே இருக்கு, நான் அந்தப் பக்கம் போறதில்ல.

ரெண்டாவது, செல் கட்சி. குழாயோட உள்சுவரா இருக்கிற எண்டோதீலியல் செல்லையும் ஸ்டெம் செல்லையும் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது வர்ற நார்ப் புரதம்) ஜெல்லுல சேத்து விட்டா அதுங்களே வலை பின்னிக்கும். இங்க பலரும் தப்பா நினைக்கிறது, எம்எஸ்சி, அதாவது கூட சேத்த அந்த ஸ்டெம் செல், குழாயா மாறிரும்னு. பெரும்பாலும் மாறாது, வெளிய பெரிசைட் மாதிரி ஒட்டிக்கிட்டு சிக்னல் சுரக்கும், அவ்வளவுதான், ஆனா அந்த அவ்வளவுதான் பெரிய விஷயம். 2004ல நேச்சர்ல வந்த எலி வேலையில எண்டோதீலியல் செல்லோட துணை செல்லும் போட்டப்ப குழாய் ஒரு வருஷம் ஓடுச்சு, தனியா போட்டது நிக்கல.

கையால செய்யும்போதுதான் இதோட எரிச்சல் தெரியும். ஜெல்லை உறைய வைக்கிற த்ராம்பினை ஊத்தி ரெண்டு தடவை கலக்குறதுக்குள்ள பிப்பெட் டிப்லயே ஜெல் உறைஞ்சிரும், சரியா ஊத்திட்டோம்னு சந்தோஷப்பட்டா சில நாள்ல செல்லுங்க இழுத்து இழுத்து வெல்லோட (லேப் தட்டுல இருக்கிற குழி) சுவரை விட்டே ஜெல் வட்டு சுருங்கிக் கிடக்கும். எண்டோதீலியல் செல்லுக்கு எங்க போறதுங்கிற கேள்விக்கு இப்ப ஐபிஎஸ் (சாதாரண செல்லைப் பின்னோக்கித் திருப்பி செஞ்ச ஸ்டெம் செல்) நல்ல பதில், 2020ல இடிவி2ங்கிற ஜீனோட ஆர்என்ஏவை சரியான நேரத்துல குடுத்து 90 சதவீதத்துக்கு மேல எண்டோதீலியலா மாத்திக் காட்டினாங்க. ஆனாலும் அவசரத்துக்கு இது ஆகாது, நோயாளியோட செல்லுலருந்து ஆரம்பிச்சா மாசக்கணக்கு.

மூணாவது பிரிண்டர். 2012ல மில்லர், சென்ங்கிற ஆராய்ச்சியாளர்கள் சர்க்கரைக் கண்ணாடியில கம்பி வலை பிரிண்ட் பண்ணி, சுத்தி ஜெல் ஊத்தி, சர்க்கரையைக் கரைச்சு விட்டாங்க, மிச்சம் இருந்தது ஓட்டை, அதுதான் குழாய். ஜெனிஃபர் லூயிஸ்ங்கிற ஆராய்ச்சியாளரோட லேப்ல ப்ளூரானிக்னு ஒரு மை, அறைச் சூட்டுல பேஸ்ட் மாதிரி நிக்கும், ஐஸ்ல வச்சா தண்ணியாகி உறிஞ்சினதும் வந்துரும், பாக்கவே மேஜிக் மாதிரி. இதோட பெரிய பலம், முதல் நாள்லருந்தே பம்ப் போட்டு உள்ள ஓட விடலாம். பலவீனம் அளவு: வழக்கமான பிரிண்ட் சேனல் நூத்துக்கணக்கான மைக்ரான், நிஜ கேப்பிலரி (உடம்புலயே மெல்லிசான குழாய்) 5லருந்து 10தான், சிவப்பணுவே 7, 8 இருக்கும். அதோட வெறும் ஜெல் சேனலை தமனியோட தையல் போட்டா நூல் அறுத்துக்கிட்டு வந்துரும்.

என் கணக்கு இதுதான். ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் தடிமன், சுத்தி நல்ல ரத்த ஓட்டம் உள்ள இடம்னா ஜெல் போதும், செல்லைத் தூக்கிட்டு அலையாதீங்க. தடிமன் ஏறினா பிரிண்ட் சேனலும் செல்லும் சேந்தேதான் வேணும், பெரிய ரோடு பிரிண்டர் போடட்டும், சந்து பொந்தை செல்லுங்க பாத்துக்கும். தனியா ஒண்ணை மட்டும் தூக்கிப் பிடிக்கிறவங்க பேப்பர்ல முதல்ல தேடுங்க, சிடி31 (எண்டோதீலியல் செல்லோட அடையாளப் புரதம்) சாயத்துல சிவப்பா அழகா ஒரு படம் இருக்கும், அது குழாய் இருக்குன்னுதான் சொல்லும், ஓடுதுன்னு சொல்லாது. திசு வச்ச எலியோட வாலுல ஒளிரும் லெக்டின் (குழாய்ச் சுவர்ல ஒட்டுற புரதம்) ஏத்தி உள்ள குழாய் மின்னுதா, இல்ல மனுஷ சிடி31 வட்டத்துக்குள்ள எலியோட சிவப்பணு உக்காந்திருக்கான்னு பாத்தாங்களான்னு கேளுங்க. நானும் ஒரு தடவை அழகான வலைன்னு குதிச்சேன், வெட்டிப் பாத்தா ஓரம் செக்கச்செவேல்னு, நடு வெள்ளையா செத்துக் கிடந்துச்சு.

இன்னொண்ணு, கேன்சர் கட்டி எடுத்த இடத்துல திசு வைக்கிறதா இருந்தா வெஜ்எஃப் ஜெல்லை நான் தொடவே மாட்டேன். கட்டியும் குழாயை வரவழைச்சுத்தான் வளருதுன்னு ஃபோக்மன்ங்கிற டாக்டர் 1971லயே எழுதிட்டாரு, மிச்சம் மீதி ஒளிஞ்சிருக்கிற செல்லுக்கு நாமளே ஏன் லைன் இழுத்துக் குடுக்கணும்?