உள்ளூராருக்காக ஓடும் படகு: கொச்சி வாட்டர் மெட்ரோ

நீலகிரியில் தேயிலையை நம்பி வாழ்பவர்களுக்குக் கொச்சி என்பது காதில் விழுந்துகொண்டே இருக்கும் பெயர். 1963-இல் குன்னூரில் ஏல மையம் வருவதற்கு முன்பே, 1947 முதல், கொச்சியில் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. எங்கள் மலையின் டஸ்ட் எனப்படும் பொடித் தேயிலை இன்றும் அங்கே விலை போகிறது. ஆனாலும் அந்தத் துறைமுகத்தை நேரில் பார்த்தவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. கோத்தகிரியில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் என் தோழியும் நானும் மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் ரயில் பிடித்து எர்ணாகுளம் போய் வந்தோம். பார்த்தவற்றில் என் மனத்தில் நின்றது அரண்மனையும் அல்ல, தேவாலயமும் அல்ல; அந்த ஊர் மக்கள் அன்றாடம் ஏறி இறங்கும் வாட்டர் மெட்ரோ படகுச் சேவைதான்.

எர்ணாகுளம் கரை, வில்லிங்டன் தீவு, வல்லார்பாடம், வைப்பின், ஃபோர்ட் கொச்சி என்று காயல் பிரித்துப் போட்ட பல துண்டுகள் சேர்ந்ததுதான் கொச்சி. அவற்றை இணைப்பதற்காக, 10 தீவுகள், 38 படகுத்துறைகள், 78 படகுகள் என்று திட்டமிட்டு, 2023 ஏப்ரலில் இந்தச் சேவையைத் தொடங்கினார்கள். திட்டமிட்ட துறைகள் அத்தனையும் இன்னும் திறக்கப்படவில்லை; திறந்தவை வரைக்கும் செம்மையாகவே இருக்கின்றன. விக்ராந்த் விமானம் தாங்கிக் கப்பலைக் கட்டிய அதே கொச்சி கப்பல் கட்டும் தளம்தான் இந்தப் படகுகளையும் கட்டித் தருகிறது. ஒரு படகில் 100 பேர் போகலாம். பேட்டரியில் ஓடுவதால் டீசல் வாடையும் இல்லை, பேச்சை விழுங்கும் இன்ஜின் இரைச்சலும் இல்லை. துறையில் நிற்கும் 10, 15 நிமிடத்துக்குள் மின்னேற்றிக்கொள்ளும் வகைப் பேட்டரி அது.

என் தோழிக்கு முழங்கால் வலி உண்டு. சரிவான தோட்டத்தில் பல ஆண்டுகள் ஏறி இறங்கியதன் பலன் அது. படகு என்றதும் அவளுக்கு வந்த முதல் பயம் தண்ணீரைப் பற்றியது அல்ல, ஏறுவதைப் பற்றியது. பழைய வகைப் படகுத்துறைகளில் கரை அசையாது, படகோ நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் படகின் விளிம்பு கரையை விடத் தாழ்ந்துவிடும், யாராவது கை கொடுத்தால்தான் வயதானவர்களால் இறங்க முடியும். இங்கே துறையின் கடைசிப் பகுதியே ஒரு மிதவை மேடை. நீர் ஏறினால் மேடையும் ஏறுகிறது, வற்றினால் அதுவும் தாழ்கிறது. ஆகவே எந்த வேளையில் போனாலும் மேடையும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. எங்களுக்கு முன்னால் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தார். ஊழியர் ஒருவர் படகின் பக்கம் நின்று பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். நாற்காலியை யாரும் தூக்கவில்லை, அவர் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் தோழி உட்கார்ந்த பிறகு சொன்னது இதுதான்: “ஏறினதே தெரியலைப்பா.” இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் எது என்று கேட்டால், அந்த மிதவை மேடையைத்தான் சொல்வேன்.

எர்ணாகுளம் கரையிலுள்ள ஹைகோர்ட் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சி வரை சுமார் 20 நிமிடப் பயணம். நாங்கள் போனபோது கட்டணம் 40 ரூபாய். டிக்கெட்டை வாயிலில் காட்டினால்தான் தடுப்பு திறக்கிறது. உள்ளே போனவர்களின் எண்ணிக்கை அங்கேயே கணக்காகிவிடுவதால், அளவுக்கு மேல் ஆள் ஏற்ற வழியில்லை. படகு புறப்பட்டதும் வலப்பக்கம் போல்காட்டி தீவு, அதைத் தாண்டினால் வல்லார்பாடத்துச் சரக்குப் பெட்டக முனையத்தின் ராட்சதக் கிரேன்கள். இடப்பக்கம் வில்லிங்டன் தீவு. அந்தத் தீவு இயற்கையாக அமைந்தது அல்ல. முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல்திட்டு பெரிய கப்பல்களை உள்ளே விடாமல் தடுத்திருந்தது. 1920-இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அதை வெட்டி வழி உண்டாக்கி, தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டியே அந்தத் தீவை உருவாக்கினார். கொச்சித் தேயிலை ஏல மையம் இருப்பதும் அதே தீவில்தான் என்று நான் சொன்னபோது, என் தோழி கண்ணாடிப் பக்கம் திரும்பி வெகுநேரம் அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை இலை விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் இறங்கினாலும் வீட்டில் கணக்கு மாறிவிடும் ஒருத்திக்கு அந்தக் கட்டடங்கள் வெறும் காட்சி அல்ல.

எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டிய இடங்களும் உண்டு. படகு முழுவதும் குளிரூட்டப்பட்டது. கண்ணாடிகள் பெரியவை, ஆனால் மூடியவை. திறந்த தளத்தில் நின்று காயல் காற்றை வாங்க விரும்புகிறவர்களுக்கு மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகுகளே ஏற்றவை. அவற்றில் கட்டணமும் மிகக் குறைவு. புகைப்படக்காரர்களுக்குக் கண்ணாடியின் எதிரொளி தொந்தரவு தரும். அதே சமயம், மலையின் குளிரிலிருந்து இறங்கி அந்தப் புழுக்கத்தில் தவித்த எங்களுக்கு, குளிரூட்டிய படகு ஆறுதலாகவே இருந்தது. இரட்டை அடிப்பாகம் கொண்ட படகு என்பதால் ஆட்டமும் மிகக் குறைவு. கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள்கூடத் தைரியமாக ஏறலாம்.

ஃபோர்ட் கொச்சியைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். சீன வலைகளையும், வாஸ்கோட காமாவை 1524-இல் முதலில் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் தேவாலயத்தையும், 1568-இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி யூதர் தேவாலயத்தின் நீல வண்ணத் தரை ஓடுகளையும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தச் சேவையின் உண்மையான முகத்தைப் பார்க்க வேண்டுமானால் வைட்டிலா – காக்கநாடு வழியில் போக வேண்டும். பெரிய கப்பல்கள் இல்லை, பார்க்க வேண்டிய இடம் என்று பலகை வைத்த எதுவும் இல்லை. இரு பக்கமும் தென்னையும் புதரும் நெருங்கிய குறுகலான நீர்வழி. படகில் இருப்பவர்கள் அடையாள அட்டை மாட்டிய அலுவலகத்தார், பை சுமந்த மாணவர்கள். வைட்டிலாவில் பேருந்து நிலையம், மெட்ரோ ரயில், படகுத்துறை மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ரயிலுக்கும் படகுக்கும் ஒரே அட்டை செல்லுபடியாகிறது. அங்கே வசிப்பவர்களின் தேவையை முதலில் வைத்துத் திட்டமிட்டிருக்கிறார்கள், விருந்தாளிகளாகிய நாங்களும் அதனால் பயனடைந்தோம். எங்கள் ஊரில் 1899-இல் குன்னூர் வரை வந்த மலை ரயிலில் சீசன் காலத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் இடம் பிடிப்பது அரிது. வாகன நெரிசலைக் கட்டுப்படுத்த 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வாகனங்களிடம் இ-பாஸ் கேட்க வேண்டிய நிலையும் வந்துவிட்டது. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையே மாலை வேளையில் தோட்ட வேலை முடிந்து பேருந்துக்கு நிற்கும் பெண்களையும் மனத்தில் வைத்து இப்படி ஒரு சேவையை யாராவது திட்டமிட மாட்டார்களா என்ற ஏக்கத்தோடுதான் நான் அந்தப் படகில் உட்கார்ந்திருந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஹைகோர்ட் துறையை ஒட்டி மெட்ரோ ரயில் நிலையம் இல்லை. எர்ணாகுளம் ஜங்ஷனிலிருந்து ஆட்டோ பிடிப்பதே எளிது. வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனையும், சனிக்கிழமை யூதர் தேவாலயமும் மூடியிருக்கும். ஆகவே திங்கள் முதல் வியாழனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் ஃபோர்ட் கொச்சிப் படகுக்குக் கூட்டமும் அதிகம். முழங்கால் வலிக்காரர்களைத் தயங்காமல் கூட்டிப் போகலாம்.