வாத்தியார் தாத்தாவும் மக்கள்தொகைக் கணக்கும்: ஒரு குடும்ப வரலாற்றுச் சேவையைப் பற்றி

முன்னோரின் வாழ்க்கையைப் பழைய ஆவணங்களிலிருந்து திரட்டித் தரும் சேவை ஒன்று கும்பகோணத்திலிருந்து இயங்குகிறது. நன்னிலம் வட்டத்தில், முடிகொண்டான் ஆற்றங்கரைக் கிராமமொன்றில், போர்டு ஸ்கூல் (ஜில்லா போர்டு என்ற அன்றைய மாவட்ட உள்ளாட்சி அமைப்பு நடத்திய பள்ளி) வாத்தியாராக இருந்த என் தாய்வழித் தாத்தாவுக்காக அவர்களை அமர்த்தினேன். கட்டணம் 18,000 ரூபாய். கையில் கிடைத்தது தைத்துக் கட்டிய அறிக்கை ஒன்றும், அதன் மின்னணுப் பிரதியும். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே வாக்குறுதியோடு வேறு யார் வந்தாலும் நான் சொல்வது பொருந்தும்.

அவர்களுடைய விளம்பரத்தின் முதல் வரி, 1901 முதல் 1961 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகளில் நம் முன்னோரைக் கண்டுபிடித்துத் தருவதாகக் கூறுகிறது. இது நடக்காத காரியம். பிரிட்டனில் 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்களும், அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டுக்குரியவையும் 2022இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன என்பது உண்மை. நம் நாட்டிலோ ஆள்வாரியாக எழுதிய சீட்டுகள் அட்டவணைகள் தயாரானதும் கழிக்கப்பட்டன. தவிர, 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம், தன் 15ஆம் பிரிவில், அந்தப் பதிவுகளைப் பார்வையிட யாருக்கும் உரிமையில்லை என்கிறது. ஆகவே தாத்தாவின் பெயர் எழுதிய தாள் எதையும் எந்த நிறுவனமும் காட்டிவிட முடியாது.

அறிக்கையின் முதற்பாதியில் இருப்பது, 1951, 1961 ஆகிய ஆண்டுகளின் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளில் எங்கள் ஊருக்குரிய ஒரேயொரு வரிசை. எங்கள் ஊர் தனி வருவாய்க் கிராமம் அன்று. இன்னொரு கிராமத்தின் உட்கிடை, அதாவது அதன் கணக்கிலேயே சேரும் சிற்றூர். அதை அறிந்து சரியான வரிசையை எடுத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் பாராட்டலாம். 1961ஆம் ஆண்டுக் கையேடு உழைப்பாளிகளை ஒன்பது பிரிவுகளாகப் பகுக்கிறது. உழவரும் விவசாயத் தொழிலாளரும் முதலிரண்டு பிரிவுகளில் வந்துவிட, வாத்தியார் ‘ஏனைய சேவைகள்’ என்ற ஒன்பதாம் பிரிவில் நாவிதர், சலவைத் தொழிலாளி, கோயில் குருக்கள் ஆகியோருடன் சேர்ந்து ஓர் எண்ணிக்கையாகிவிடுகிறார். எழுத்தறிந்தோர் பத்திகளாவது அவர் எத்தகைய ஊரில் பாடம் நடத்தினார் என்பதைக் காட்டுகின்றன: பெண்களுக்குரிய எண் ஆண்களுக்குரியதில் பாதிகூட இல்லை. ஆனால் இந்தத் தொகுதிகள் கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைப்பவை. அவற்றுக்கு இத்தனை பக்கங்களும் கட்டணத்தில் பாதியும் ஒதுக்கியிருப்பது நியாயமாகப் படவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. கிராமங்களில் வீடு வீடாகச் சென்று கணக்கெழுதியவர்களில் பெரும்பகுதியினர் பள்ளி ஆசிரியர்களே. இரண்டு கணக்கெடுப்புகளில் தாத்தா அந்த வேலையைச் செய்தார் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதாவது, அந்த அச்சிட்ட வரிசையே அவர் கையெழுத்திலிருந்து பிறந்ததாக இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய இந்தச் செய்தி அறிக்கையில் ஓரிடத்திலும் இல்லை.

இரண்டாம் பாதி முற்றிலும் வேறு தரம். ஜில்லா போர்டில் வேலைக்குச் சேர்ந்த ஓர் ஆசிரியர், 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பின் ஊராட்சி ஒன்றியத்தின் ஊழியராக மாறியதையும், நன்னிலம் வட்டம் 1991இல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்து நாகப்பட்டினம் மாவட்டத்துக்கும் 1997இல் திருவாரூர் மாவட்டத்துக்கும் போனதையும் மனத்தில் கொண்டு, எந்தக் காகிதம் எந்த அலுவலகத்தின் அலமாரிக்குப் போயிருக்கும் என்று கணித்துத் தேடியிருக்கிறார்கள். பணிப்பதிவேட்டின் நகலும், பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும், ஆசிரியர் வருகைப் பதிவேடும், ஆய்வாளர்கள் குறிப்பெழுதும் பார்வைப் புத்தகமும் அப்படிக் கிடைத்தவை. அவர் ஹையர் எலிமெண்டரி கிரேடு என்ற ஆசிரியர் பயிற்சி பெற்றவர் என்பதே எனக்குப் பணிப்பதிவேட்டிலிருந்துதான் தெரிந்தது. 1952 நவம்பர் 30ஆம் தேதிப் புயலுக்கு அடுத்த வாரங்களில், பள்ளிக்கூடத்தின் ஓடுகள் போய்விட்டதாகவும் வகுப்புகள் சத்திரத்துத் திண்ணையில் நடப்பதாகவும் ஆய்வாளர் எழுதியிருக்கிறார். 1953-54இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் மூன்று மணி நேர முறையை (எதிர்ப்பாளர்கள் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தது) கொண்டுவந்தபோது, காலையில் ஒரு பிரிவுக்கும் அது முடிந்ததும் மற்றொரு பிரிவுக்கும் அவரே பாடம் நடத்தியதும், காமராஜர் வந்து அத்திட்டத்தைக் கைவிட்டதும் பதிவேடு பழைய அமைப்புக்குத் திரும்பியதும் பக்கம் பக்கமாகத் தெரிகின்றன. பாடநூலில் ஓர் அரசியல் சர்ச்சையாக மட்டும் நான் படித்திருந்த செய்தி இது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் கிடைத்த இடம், பதிவேட்டு எண், பக்க எண் ஆகியவற்றைக் குறித்திருப்பதால், வேண்டுமானால் நாமே போய்ச் சரிபார்க்கலாம்.

அச்சு சுமார். புகைப்படங்கள் சிலவற்றில் ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கின்றன. மின்னணுப் பிரதியில் அவை முழுமையாக இருப்பதால் இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

அமர்த்த நினைப்பவர்கள், கணக்கெடுப்புப் பகுதியை விலக்கிவிட்டு, பள்ளி, ஒன்றிய அலுவலகம், சார்நிலைக் கருவூலம் ஆகியவற்றில் தேடுவதற்கு மட்டும் தனிக் கட்டணம் கேளுங்கள். நான் கேட்டபோது தயங்கினாலும் ஒப்புக்கொண்டார்கள். பாட்டிக்கு வந்துகொண்டிருந்த குடும்ப ஓய்வூதியத்தின் கோப்பைத் தேடும் வேலையை அந்த முறையில்தான் இப்போது கொடுத்திருக்கிறேன். 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் சேர்த்துக்கொள்ளலாமே என்றார்கள், மறுத்துவிட்டேன்.