தமிழ்வழிக் கணித வினாத்தாளுக்கு லேடெக்: பயன்படுத்திப் பார்த்த ஆசிரியரின் மதிப்பீடு

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு எனப் பள்ளிகள் மலிந்த எங்கள் பக்கத்தில், மேல்நிலை வகுப்புக்கான தமிழ்வழிக் கணித வினாத்தாள் பெரும்பாலும் டிடிபி கடையில்தான் உருவாகிறது. கையெழுத்துப் படியைக் கொடுத்தால் தமிழ் பிழையின்றி வந்துவிடும். அணிக்கோவையும் தொகையீடும்தான் மூன்றாம் புரூஃப் வரை இழுத்தடிக்கும். அதற்கு மாற்றாகவே இந்தக் கல்வியாண்டில், கட்டளைகளாக எழுதியதை அச்சுப்பக்கமாக அமைத்துத் தரும் லேடெக் என்னும் மென்பொருளுக்கு மாறினேன். தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படியின் தரம் பிடிக்காமல் கணினி அறிஞர் டொனால்ட் குனூத் 1977இல் தொடங்கிய டெக் என்னும் நிரலின்மேல், லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அமைத்தது இது. கட்டணம் எதுவும் இல்லை.

பின்னம் வேண்டுமென்றால் பின்சாய்கோடு இட்டு 'ஃபிராக்' என்று எழுதி, இரண்டு நெளி அடைப்புகளுக்குள் தொகுதியையும் பகுதியையும் தர வேண்டும்; கோட்டின் நீளம், எழுத்தின் அளவு, இடைவெளி எல்லாவற்றையும் நிரலே பார்த்துக்கொள்கிறது. கூட்டல் தொடரின் எல்லைகள் பத்திக்குள் வந்தால் சிக்மாவின் பக்கத்திலும், தனி வரியில் வந்தால் அதன் மேலும் கீழும் தாமாகவே அமைகின்றன. பல வரி விடைகளில் ஒவ்வொரு சமக்குறிக்கு முன்னும் & இட்டால் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் நிற்கின்றன. வேர்டின் சமன்பாட்டுப் பெட்டியில் இதே ஒழுங்கைக் கொண்டுவரச் சுட்டியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். வினாத்தாளுக்கென்றே உள்ள 'எக்ஸாம்' என்னும் ஆவண வகை, வினாவுக்கு எதிரே நாம் இடும் மதிப்பெண்களைக் கூட்டி மொத்தத்தையும் காட்டிவிடுகிறது.

தமிழ்தான் சோதனை. நாம் எழுதியதைப் பக்கமாக மாற்றும் கம்பைலர்களில் வழக்கமான பிடிஎஃப்லேடெக் நமக்கு ஆகாது. ஸீலேடெக் அல்லது லுவாலேடெக்கைத் தேர்ந்து, ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பின் வழியே நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவைக் குறிப்பிட வேண்டும். கடைக்காரர்கள் பழைய குறியேற்றத்தில் அடித்து வைத்திருக்கும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றாமல் இதில் ஏற்ற முடியாது. இன்னொரு பொறியும் உண்டு. மட்டு மதிப்புச் சார்பை இரண்டு கிளைகளாக வரையறுத்து, 'x சுழியைவிடச் சிறியது எனில்' என்பதில் உள்ள 'எனில்' என்னும் சொல்லைக் கணிதப் பகுதிக்குள் அப்படியே எழுதினால், அச்சில் அது காணாமற்போகும். திரையில் பிழை என்று நின்று சொல்லாது, பதிவுக் கோப்பின் மூலையில் ஒரு வரி மட்டும் இருக்கும். 'டெக்ஸ்ட்' கட்டளைக்குள் அச்சொல்லைப் பொதிந்தால் சரியாகிவிடும். தமிழ்வழி ஆசிரியர்களுக்கு இதை முதல் நாளே யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நெளி அடைப்பு ஒன்றை மூட மறந்தால் வரும் பிழைச்செய்தி ஆங்கிலத்தில், அதுவும் பல வரிகள் தள்ளி வருவதால், பழகும்வரை எரிச்சலூட்டும். கணினியில் முழுமையாக நிறுவப் பல ஜிபி இடம் தேவை. ஓவர்லீஃப் என்னும் இணையதளத்தில் உலாவியிலேயே எழுதலாம், ஆனால் அங்கே கம்பைலரை ஸீலேடெக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நாளைக் காலைத் தேர்வுக்கு இன்றிரவு ஒரு பக்கம் அடிக்க வேண்டியவர் இதைத் தொட வேண்டாம். ஆண்டுதோறும் அதே வினா வங்கியைத் திருத்தி அச்சிடுபவர், கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடுவது நல்லது. காலாண்டுத் தேர்வுக்குள் கை பழகிவிடும்.