மாலகாவில் கிறிஸ்துமஸ்: வெயில் உண்டு, விருந்துக்கு ஜனவரி வரை பொறுக்கவேண்டும்

டிசம்பர் 24-ஆம் தேதி போய் இறங்கி 27-ஆம் தேதி திரும்புகிற மாதிரி ஸ்பெயினின் தெற்குக் கடற்கரைக்கு டிக்கெட் போடுகிறவர்களை மான்செஸ்டரில் நிறையப் பார்க்கிறேன். திரும்பி வந்து, "கடையெல்லாம் மூடிக் கிடந்துச்சு, ஊர்ல ஆளே இல்ல" என்று குறைப்படுவார்கள். ஆளெல்லாம் வீட்டுக்குள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். மாலகாவில் பண்டிகை டிசம்பர் 22-ஆம் தேதி கிறிஸ்துமஸ் லாட்டரிக் குலுக்கலோடு சூடுபிடித்து, ஜனவரி 6-ஆம் தேதி, குழந்தை இயேசுவைத் தேடி வந்த மூன்று ராஜாக்களின் திருநாளோடுதான் முடிகிறது. இந்த நீண்ட பண்டிகையில் வெளியூர்க்காரனுக்கு இருப்பதிலேயே சப்பென்று போகும் நாள் 25. அதை மனதில் வைத்துத் திட்டம் போட்டால் இந்த ஊருக்கு நான் தாராளமாக மதிப்பெண் கொடுப்பேன்.

போனது நான், மனைவி, பிள்ளைகள், அப்புறம் தூத்துக்குடியிலிருந்து எங்களோடு இருக்க வந்திருந்த அம்மா. பனிமய மாதா கோயில் மணியோசையில் வளர்ந்தவர். நள்ளிரவுப் பூசை, குடில், பலகாரம் மூன்றும் இல்லாவிட்டால் அவருக்கு அது கிறிஸ்துமஸே இல்லை.

முதலில் வெயில். பொய்யில்லை. பகலில் 17, 18 டிகிரி. கடலோரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் காபி குடிக்கலாம். கடல் தண்ணீர் 16 டிகிரி பக்கம் இருக்கும், அதில் இறங்கும் வட ஐரோப்பிய வெள்ளைக்காரர்களை நாம் கரையில் நின்று வேடிக்கை பார்த்தால் போதும். கோடையில் மழையே அபூர்வமான இந்த ஊருக்கு மழை அதிகம் வருவது நவம்பர், டிசம்பரில்தான் என்பதால் குடையும் வேண்டும். ஆனால் உண்மையான குளிர் தெருவில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. அங்குள்ள வீடுகள் ஆகஸ்ட் வெக்கைக்காகக் கட்டியவை. தரையெல்லாம் டைல்ஸ், பல வீடுகளில் ஹீட்டர் என்று தனியாக எதுவும் கிடையாது, ஏசியைத்தான் சூடாக ஓடவிட வேண்டும். நாங்கள் எடுத்த வீட்டில் அந்த ஏசியின் ரிமோட்டும் வேலை செய்யவில்லை. வீட்டுக்காரர் மறுநாள் காலையில்தான் ஒரு ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏய்யா, வெளிய வெயிலடிக்கு, உள்ள பனி கொட்டுது. இது என்ன வீடு?" என்று அம்மா இரவு முழுக்கச் சால்வைக்குள் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முன்பதிவு செய்வதற்கு முன் ஒவ்வொரு படுக்கையறையும் எப்படிச் சூடாகும் என்று எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலகா என்றால் எல்லோரும் சொல்வது லாரியோஸ் தெரு விளக்குகளை. 1891-இல் திறந்த தெரு. இப்போது வண்டி கிடையாது, நடக்க மட்டும்தான். நவம்பர் கடைசியில் விளக்கேற்றிவிடுவார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தலைக்கு மேலே ஒளிதான். மாலையில் சில முறை பாட்டுப் போட்டு, அதன் தாளத்துக்கு விளக்குகளை ஆடவிடுவார்கள். கட்டணம் இல்லை. கோர்தோபா மாகாணத்தில் புவென்தே ஹெனீல் என்ற சிறிய ஊரைச் சேர்ந்த ஹிமேனெஸ் நிறுவனம்தான் இந்த விளக்குகளைச் செய்கிறது. ஸ்பெயினின் வேறு பல நகரங்களுக்கும் அவர்கள்தான். பார்க்கவேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் காட்சி நடக்கும்போது தெருவின் நடுவில் மாட்டிக்கொண்டால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. குழந்தை வண்டியோடு போகவே போகாதீர்கள். வார நாளில், முதல் காட்சிக்கு, ஏதாவது ஒரு குறுக்குச் சந்தின் வாயில் நின்றுகொண்டால் பார்க்கவும் முடியும், நழுவவும் முடியும். என்னைக் கேட்டால், பாட்டு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ராத்திரி பதினோரு மணி வாக்கில் சும்மா நடந்ததுதான் நன்றாக இருந்தது.

அம்மாவுக்கு விளக்கைவிட நகராட்சி வைத்திருந்த குடில் பிடித்தது. மாடும் ஆடும் மட்டுமில்லை, ரொட்டி சுடுகிறவர், மீன் விற்கிறவர், துணி துவைக்கிற பெண் என்று ஒரு கிராமமே அதற்குள் இருக்கிறது. இதற்கும் காசில்லை.

பலகாரத்துக்கு வருகிறேன். இந்த ஊருக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்கும் விஷயம் இது. மாலகாவின் கிறிஸ்துமஸ் பண்டம் போர்ராச்சுவேலோ. இனிப்பு ஒயினும் சோம்பு மணமுள்ள சாராயமும் ஊற்றிப் பிசைந்த மாவில் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பூரணம் வைத்து, மடித்து, எண்ணெயில் பொரித்து, தேனிலோ சர்க்கரையிலோ புரட்டி எடுக்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் அம்மா, "ஏய்யா, இது நம்ம சோமாசில்லா!" என்றார். உருவத்தில் அப்படியே சோமாசிதான். கடித்தால் மொறுமொறுப்பு கம்மி, வாசனை தூக்கல். மறுநாள் காலை பெட்டி காலி.

துர்ரோன் மிட்டாய் வாங்க காசா மீரா என்ற பழைய கடை. பாதாமும் தேனும்தான் துர்ரோனுக்கு அடிப்படை. அலிகாந்தே வகையில் பாதாம் முழுசாக இருக்கும், பல்லுக்குச் சோதனை. ஹிஹோனா வகையில் அரைத்திருப்பதால் வாயில் கரையும். வயதானவர்களுக்கு அதுவே சரி. அதே கடையில் ஐஸ்கிரீமும் உண்டு, டிசம்பரிலும் ஆட்கள் வாங்குகிறார்கள். மாந்தெகாதோ, போல்வொரோன் என்று காகிதத்தில் சுற்றிய பொடிப்பொடி பிஸ்கட்டுகள் பக்கத்திலுள்ள அந்தெகேராவிலிருந்து வருகின்றன. போல்வொரோனைக் காகிதத்தோடு கைக்குள் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் பிரிக்கவேண்டும், இல்லாவிட்டால் சட்டையெல்லாம் மாவு. ஒரு எச்சரிக்கை: இவற்றில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்புதான் சேர்க்கிறார்கள். சைவர்களும் இஸ்லாமிய நண்பர்களும் ஆலிவ் எண்ணெயில் செய்த வகையைக் கேட்டு வாங்குங்கள். சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும்.

ஒயின் குடிப்பவர்களுக்கு அந்தீகுவா காசா தே குவார்தியா. 1840-இல் தொடங்கிய கடை. பீப்பாய்கள் வரிசையாக நிற்கும், குழாயைத் திறந்து கிளாஸில் பிடித்துக் கொடுப்பார்கள், கணக்கை உங்கள் முன்னால் மரப்பலகையிலேயே சாக்பீஸால் எழுதிவிடுவார்கள். உட்கார இடமில்லை. அம்மா என் கிளாஸிலிருந்து மொஸ்கதேல் ஒயின் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதத்தான் சாமியார் மட்டும் குடிச்சிட்டு இருந்தாராக்கும்" என்றார்.

24-ஆம் தேதி மதியம் வரை ஊர் கொண்டாட்டமாக இருக்கிறது. மது விடுதிகளில் இடம் போதாமல் எல்லோரும் தெருவில் நின்று குடிக்கிறார்கள். வரிவரியான சோம்புச் சாராய பாட்டிலைக் கரண்டியால் சுரண்டித் தாளம் போட்டுக்கொண்டே பாடுகிறார்கள். சாயங்காலம் ஆனதும் எல்லாம் அடங்கிவிடும். ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியில் அரசர் பேசுவார், அதன் பிறகு குடும்பச் சாப்பாடு. உணவகத்தை நம்பினால் பட்டினிதான். நாங்கள் காலையிலேயே அதாரசானாஸ் சந்தைக்குப் போய் இறால் வாங்கிவிட்டோம். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூளில் குழம்பு வைத்தார். பிறகு நள்ளிரவுப் பூசைக்குப் பேராலயம். தெற்குக் கோபுரம் முடியாமலே நிற்பதால் ஒற்றைக்கைக்காரி என்று செல்லமாகக் கூப்பிடப்படும் கோயில் அது. அம்மாவுக்கு ஸ்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் எங்கே எழவேண்டும், எங்கே முழங்காலிட வேண்டும் என்று எங்களுக்கு அவர்தான் சொன்னார்.

25-ஆம் தேதி கடற்கரையில் ஒரு உணவகத்தில் 'கிறிஸ்துமஸ் மெனு' என்று தலைக்கு 75 யூரோ வாங்கினார்கள். வறண்ட வான்கோழி, ஆறிப்போன உருளைக்கிழங்கு, மேசையில் காகிதத் தொப்பி. மான்செஸ்டரிலேயே இதைவிட நன்றாகச் சாப்பிட்டிருக்கலாம். நீங்கள் அந்த மெனு பலகையைப் பார்த்தாலே தாண்டிப் போய், படகில் மணலைக் கொட்டி அதில் நெருப்பு மூட்டி மீன் சுடுகிற கடையைத் தேடுங்கள். அதிலும் மத்திக்கு ருசி வெயில்கால மாதங்களில்தான். டிசம்பரில் கணவாய் கேளுங்கள்.

28-ஆம் தேதிக்கு வருகிறேன். நகரத்தின் ஓரத்தில் புவெர்தோ தே லா தோர்ரே என்ற பகுதியில் வெர்தியாலெஸ் என்ற நாட்டுப்புறப் பாட்டுத் திருவிழா. மலைக் கிராமங்களிலிருந்து குழுக்கள் வரும். தலையில் பூவும் கண்ணாடித் துண்டும் தைத்த தொப்பி, அதிலிருந்து வழியும் பல நிற ரிப்பன்கள். கிதார், வயலின், சின்னச் சின்னத் தாளங்கள், பெரிய பறை மாதிரியான ஒரு வாத்தியம். கையில் கோலோடு ஒருவர் குழுவை நடத்துகிறார். வயலின் சுருதி பிசகினாலும் யாரும் கவலைப்படுவதில்லை, வேகம்தான் முக்கியம். அங்கே எங்களை யாரோ வேற்றாட்கள் போலப் பார்ப்பார்கள் என்று நினைத்தால், யாருக்கும் எங்களைக் கவனிக்கவே நேரமில்லை. என் கணக்கில் மொத்தப் பயணத்திலும் சிறந்த நாள் இது. அன்று அங்கே ஏப்ரல் முதல் தேதி மாதிரி ஏமாற்று நாளும்கூட. செய்தித்தாளில் வருவதை அப்படியே நம்பவேண்டாம்.

31-ஆம் தேதி இரவு பன்னிரண்டு மணி அடிக்க அடிக்கப் பன்னிரண்டு திராட்சை. தோலுரித்து, விதை நீக்கி, பன்னிரண்டு எண்ணி அடைத்த டின்களே கடையில் விற்கின்றன. பிள்ளைகளுக்கு அதை வாங்குங்கள், தொண்டையில் சிக்காது.

ஜனவரி 5-ஆம் தேதி மாலை ராஜாக்களின் ஊர்வலம். மெல்கியோர், கஸ்பார், பல்தசார் மூவரும் அலங்கார வண்டிகளில் வருகிறார்கள். வண்டிகளிலிருந்து மிட்டாய் மழையாக விழுகிறது. உள்ளூர்ப் பாட்டிகள் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். போட்டி போடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். சில ஊர்களில் பல்தசாருக்கு வெள்ளைக்காரர் முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு வருவது இன்னும் இருக்கிறது. அங்கேயே அதற்கு எதிர்ப்பு உண்டு, எனக்கும் அது உறுத்தல்தான்.

மறுநாள் காலை ரோஸ்கோன் வெட்டுவது. சர்க்கரைப் பழங்கள் பதித்த வளைய ரொட்டி; பேக்கரியில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உள்ளே ஒரு சின்னப் பொம்மையும் ஒரு காய்ந்த மொச்சைக்கொட்டையும் ஒளிந்திருக்கும். பொம்மை கிடைத்தவருக்கு அன்று ராஜா மரியாதை. கொட்டை கிடைத்தவர் ரொட்டிக்குக் காசு கொடுக்கவேண்டும். கொட்டை அம்மாவின் துண்டில் இருந்தது. "ஏய்யா, பர்ஸ எடு" என்றார்.