தகிடவா, பேஸ்-ஜிங்-ஜிங்கா? பிள்ளைகளுக்கு வால்ட்ஸ் சொல்லித்தரும் வழிகள்

மொரிஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் எங்கள் வீட்டு வராந்தாவில் சனிக்கிழமை காலை பிள்ளைகள் கிதாரோடு உட்காருவார்கள். எல்லாருக்கும் எட்டிலிருந்து பதினோரு வயது. நான்கு தட்டுத் தாளம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். மூன்று தட்டில் போகும் ஐரோப்பிய நடனத் தாளமான வால்ட்ஸ் வரும்போதுதான் சிக்கல். தாளம் தெரியாததால் இல்லை, வேறொரு தாளம் ரொம்ப நன்றாகத் தெரிந்திருப்பதால்.

மொரிஷியஸ் பிள்ளை காது திறந்த நாளிலிருந்து இந்தத் தீவின் ஆட்டப் பாட்டான செகாவைக் கேட்டு வளர்கிறது. செகாவுக்கு வாசிக்கும் ராவான் என்ற தோல் பறையின் அடி ஆறு-எட்டு, அதாவது ஒரு சுற்றுக்கு ஆறு சின்னத் தட்டு. அதை 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாகவும் பிரிக்கலாம், 'தக தக தக' என்று இரண்டிரண்டாகவும் பிரிக்கலாம். இரண்டும் ஒன்றோடொன்று உரசுவதில்தான் செகாவின் சுகமே இருக்கிறது. வால்ட்ஸுக்கு அந்த இழுபறி ஆகாது. ஒன்றில் கனம் விழ வேண்டும், இரண்டும் மூன்றும் லேசாகப் போக வேண்டும். கொஞ்சம் அசந்தால் கை செகாவுக்கு வழுக்கிவிடும். எந்த வழியில் சொல்லித்தந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மூன்று தட்டையும் கீழ்நோக்கியே அடிப்பது ஒரு வழி. சின்ன விரல்களுக்கு இதுதான் எளிது. ஒரே விரலில் பிடிக்கும் ஜி, சி கார்டுகளே (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களே) போதும், மெல்லிய கம்பிகளில் மட்டும் அடித்தால் சரி. ஆனால் பாட்டின் இரண்டாவது வரிக்குள் மூன்று அடியும் ஒரே கனமாகிவிடும், 'ஒன்று' எங்கே என்று பிள்ளைக்கே தெரியாது. 'பலமாக அடி' என்று சொன்னால் எல்லாவற்றையும் பலமாக அடிப்பார்கள். ஒன்றுக்குத் தடித்த கம்பிகள், இரண்டுக்கும் மூன்றுக்கும் மெல்லிய கம்பிகள் என்று இடத்தை மாற்றிக் கொடுத்தால் கனம் தானாக வந்துவிடும். இதற்கு எல்லாக் கம்பியும் சேர வேண்டும் என்பதால் இரண்டே விரலில் அடங்கும் ஈ மைனரோடு தொடங்குகிறேன்.

இரண்டாவது வழி, ஒன்றுக்கு ஒரே ஒரு பேஸ் கம்பி, அதாவது தடித்த கம்பி, அப்புறம் மெல்லிய கம்பிகளைச் சேர்த்து வருடும் இரண்டு ஸ்ட்ரம். இதுதான் பேஸ்-ஜிங்-ஜிங். கேட்க இதுதான் அசல் வால்ட்ஸ். ரொட்ரிக்ஸ் தீவில் லாவால் என்ற அவர்களுடைய வால்ட்ஸை ஆடும்போது அக்கார்டியன்காரரின் இடது கை செய்வதும் இதேதான். எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான். ஆனால் பிள்ளை கம்பியைத் தேடிக் குனியும், அந்த நேரத்தில் தாளம் தள்ளிப்போகும். ஒரு விரல் ஜி, சி இங்கே உதவாது, அந்தக் கார்டுகளின் அடிச்சுரம் திறந்த பேஸ் கம்பிகளில் கிடைக்காது. அதனால் ஈ மைனர், ஏ மைனர், டி என்று போகிறேன். மூன்றிலும் பேஸ் விரல் வைக்காத திறந்த கம்பிதான், முறையே ஆறாவது, ஐந்தாவது, நான்காவது. இடது கைக்கு வேலை குறைந்தால் வலது கை தைரியமாக இறங்கும்.

நடுவில் மேல்நோக்கிய அடிகளும் சேரும் கீழ், கீழ்-மேல், கீழ்-மேல் வழியை முதல் வருடம் நான் தொடுவதே இல்லை. இங்கே அது நேராகச் செகாவுக்குப் போகும் பாதை.

எண்ணுவது எப்படி? கிரியோலில் என், தே, த்ருவா என்று எண்ணினால் மூன்றும் சமமாகத்தான் வருகிறது. கோவிலில் மிருதங்கம் கற்கும் பிள்ளைகளுக்குத் 'தகிட' வாயிலேயே இருக்கிறது, காவடிச் சிந்தும் அப்படி மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடைதான். ஆனால் அவர்கள் அதை ஒரே மூச்சில் ஓட்டிவிடுவார்கள். நான் 'தாம்-கி-ட' என்று மாற்றினேன். 'தாம்' சொல்லும்போது வாய் கொஞ்சம் நிற்கும், கையும் அதோடு நிற்கும்.

அப்படியும் ஒரு பெண், "மிஸ், மறுபடியும் செகா ஆயிடுச்சு" என்று கிரியோலில் சொல்லிக் கண்கலங்கினாள். கிதாரைக் கீழே வைக்கச் சொல்லி வராந்தாவில் நடக்கவிட்டேன். ஒன்றுக்கு முழுப் பாதம், மற்ற இரண்டுக்கும் நுனிக்கால். மூன்று தட்டில் 'ஒன்று' ஒவ்வொரு முறையும் கால் மாறி விழும், ஒருதடவை வலது, அடுத்த தடவை இடது. அதைக் கண்டுபிடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பெற்றோர் அடிக்கடி கேட்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் முக்கால் கிதார் என்பது அளவு மட்டுமே. முக்கால் (3/4) என்று எழுதும் வால்ட்ஸ் தாளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒன்பது பத்து வயதுக்கு அந்த அளவும் நைலான் கம்பியும் பொருந்தும்.

ஆக, முதல் மாதம் தடித்த கம்பி, மெல்லிய கம்பி. பிறகு பேஸ்-ஜிங்-ஜிங். பரீட்சைக்குப் பிறந்தநாள் பாட்டு, அதுவும் வால்ட்ஸ்தான். பாட்டு மூன்றாவது தட்டில் ஏறி அடுத்த ஒன்றில் இறங்கும். 'ஹாப்பி' என்று பாடும்போது கை கம்பியைத் தொடக் கூடாது, 'பர்த்'தில்தான் முதல் பேஸ் விழ வேண்டும். அழுத அந்தப் பெண் போன மாதம் தம்பியின் பிறந்தநாளுக்கு வாசித்தாள். எல்லாரும் 'ஹாப்பி' என்று தொடங்க, அவள் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள்.